வலது பக்கத்துக் குழாய்

“இந்த வீட்டுல வெளிச்சம் நல்லா வர்ற இடம் எதும்மா?”

படுக்கையை எங்கே போடலாம் என்று பார்க்க வந்த அன்று நர்ஸ் லூர்டெஸ் கேட்ட கேள்வி அது. நைரி யோசிக்கவில்லை. “கராஜ்தான்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வெட்கமாகப் போய்விட்டது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வாயைத் திறந்தால் இப்படித்தான் ஏதாவது வந்து விழும். லூர்டெஸ் சிரித்துக்கொண்டே மருத்துவமனைக் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போனாள்.

இன்று காலை அதே கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு லூர்டெஸ் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். கால்மாட்டை நைரி தள்ளினாள். சமையலறையைத் தாண்டி, கராஜுக்கு இறங்கும் ஒற்றைப் படியில் சக்கரம் இடித்து நின்றது. கட்டிலில் அவள் கணவர் லாய்ட் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கம்பளிக் குல்லாயோடு படுத்திருந்தார். முகமெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

“வலது பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். கதவுல இடிச்சா பெயின்ட் அடிக்கிறது நான்தான்.”

“நீங்க நோயாளி ஐயா. டிரைவர் இல்ல.”

“படுத்துக்கிட்டே ஓட்டுற வண்டிதானே கட்டியிருக்கேன்.”

படியில் பலகையைச் சரித்து வைத்து இறக்கினார்கள். கராஜுக்குள் வெயில் நீளமாக விழுந்திருந்தது. பெரிய கதவு திறந்திருந்தது. வசந்தகாலத்து வடமேற்குக் காற்று மலைப்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாக வீசியது. நடுவில், நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல், முன்சக்கரமும் பானட்டும் கழற்றப்பட்டு அந்தப் பச்சை வண்டி நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால்கள் ஹோனேயுடையவை. பக்கத்து ஊரான டெமூகாவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன்.

“வந்துட்டியா பெருசு?” என்று கால்கள் கேட்டன.

“வராம? என் வண்டி, என் கராஜ். நீதான் விருந்தாளி.”

சமையலறையில் வைத்து லூர்டெஸ் ஏற்கெனவே நைரியிடம் சொல்லியிருந்தாள். பாதம் இரண்டும் சில்லிட்டுப் போயிருக்கிறது. மூச்சின் நடையும் மாறிவிட்டது. “இன்னிக்கு இருப்பாரும்மா. ராத்திரிக்கு நான் வாக்குத் தர முடியாது.” சொல்லிவிட்டு நைரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நைரி அழவில்லை. அடுப்பில் வைத்த ஸ்கோன் ரொட்டியை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு சொன்னாள், “அப்ப அவரை கராஜுக்குக் கொண்டு போகணும்.”

அந்த எஞ்சின் ஓடுவதைக் கேட்காமல் அவர் போகக்கூடாது. அவளுக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

வண்டி பெட்டி பெட்டியாக வந்தது. அறுபதுகளில் பந்தயத்தில் ஓடிய ஒரு திறந்த காரின் சாயலில், உடம்பு ஒரு பெட்டியில், எலும்பு ஒரு பெட்டியில். மிச்சத்தை நீயே கட்டிக்கொள் என்று விற்கிறார்கள். லாய்ட் கட்டினார். பால் பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் ஆரம்பித்தார். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை, குளியல் தொட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிதான அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினார். வயர், பிரேக், பெட்ரோல் எல்லாம் முடிந்தது. எஞ்சினின் இடது பக்கத்து நான்கு புகைக்குழாய்களும் ஒரு மதியத்தில் ஏறிவிட்டன. வலது பக்கத்து நான்கும் ஏறவில்லை. அந்தப் பக்கம்தான் ஸ்டீயரிங் தண்டு போகிறது. சேசிஸ் போகிறது. கால் வைக்கும் பெட்டியின் சுவரும் இருக்கிறது. நடுவில் மிச்சமிருக்கிற சந்தில், ஒன்றோடொன்று பின்னிய நான்கு குழாய்களையும் அடியிலிருந்து நுழைத்து, திருப்பி, மேலே ஏற்றி, எஞ்சினோடு உட்கார வைக்க வேண்டும். போன வருஷம் முழுக்க லாய்ட் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஹோனே அவருக்காக இரண்டு முறை குழாயை வெட்டி, வளைத்து, ஒட்டிக் கொடுத்தான். கடைசி ஒரு விரல் அகலத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் நகராது.

செல்வின் ஆரம்பத்திலேயே சொன்னார், எஞ்சினை வெளியே எடு என்று. குழாயை முதலில் பள்ளத்துக்குள் கயிற்றில் தொங்கவிட்டு, அப்புறம் எஞ்சினை இறக்கியிருக்க வேண்டும், எந்த முட்டாளுக்கும் தெரியும் என்றார். நகராட்சியில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் டீ குடிப்பார். லாய்ட் சொன்னார், இறங்கின எஞ்சின் இறங்கினதுதான் என்று. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். சனிக்கிழமை தவறாமல் இந்தக் கராஜில் சண்டை போட்டவர்கள். நைரி சுவருக்கு இந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். சண்டை உச்சத்துக்குப் போகிற நேரம் அடுப்பிலிருப்பது வெந்திருக்கும். அவளுக்கு அதுதான் கடிகாரம். எஞ்சின் சண்டைக்குப் பிறகு செல்வின் வரவில்லை. சனிக்கிழமைகளில் வீடு காதை அடைத்துக்கொண்ட மாதிரி ஆனது. நைரி ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். ஸ்கோன்தான் கருகியது.

இன்று காலை அவள்தான் செல்வினுக்கு போன் செய்தாள். போனில் பேசுவதென்றால் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

“அவன் கூப்பிடச் சொன்னானா?” என்றார் செல்வின்.

“இல்ல.”

“அப்ப நான் எதுக்கு?”

“இன்னிக்குத்தான் கடைசின்னு நர்ஸ் சொல்றா, செல்வின். அந்த எஞ்சின் சத்தத்தை லாய்ட் கேக்கணும்.”

அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

கட்டிலை வண்டியின் வலது பக்கம், கழற்றிய சக்கரத்துக்கு நேரே நிறுத்தி பிரேக் போட்டுக்கொண்டிருக்கும்போது, வாசலில் இரும்பு குலுங்கும் சத்தம் கேட்டது. செல்வினின் பழைய வேன், பின்னால் டிரெய்லர், அதன் மேல் எஞ்சின் தூக்கும் கிரேன். செல்வின் இறங்கி, கதவருகே வந்து, நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றார். தொப்பியைக் கழற்றவா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது.

லாய்ட் திரும்பிப் பார்க்கவில்லை. “நைரி, யாரோ வந்திருக்காங்க போல. பென்சில் வாசனை அடிக்குது.”

“நீ செத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னாங்க” என்றார் செல்வின். “வாய் நல்லாத்தான் இருக்கு.”

“வாய் கடைசியாத்தான் போகும்.”

“தெரியும். அதுக்குத்தான் வந்தேன். எஞ்சினை வெளிய எடுத்துடலாம். ரெண்டு பேர் இருந்தா சாயங்காலத்துக்குள்ள உள்ளயும் போட்டுடலாம்.”

லாய்ட் இப்போதுதான் தலையைத் திருப்பினார். “முதல்ல என் பொணத்தைத் தாண்டு. அப்புறம் எஞ்சினைத் தொடு.”

கராஜில் சட்டென்று எல்லாம் நின்றது. லூர்டெஸ் கையிலிருந்த போர்வை நுனியைப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் அடங்கியது.

செல்வின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி. காத்திருக்கேன்.”

முதலில் வெடித்தது வண்டிக்கு அடியில். ஹோனே சிரித்த சிரிப்பில் தலை எதிலோ மோதி, அதற்கும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அப்புறம் லாய்ட். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கி, கண்ணில் நீர் வழிய. சிரிப்பு இருமலாக மாறியதும் லூர்டெஸ் ஓடிப்போய் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

“அவரைச் சிரிக்க வைக்காதீங்க!”

“நான் ஒண்ணும் செய்யலியே” என்றார் செல்வின். “அவன் கேட்டான், நான் ஒத்துக்கிட்டேன். முதல் தடவையா.”

நைரி சமையலறைக்குள் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழ ஆரம்பித்தன. அவள் மாவுக் கிண்ணத்தின் முன்னால் நின்றுகொண்டு, தனக்குச் சிரிப்பு வருவதைக் கவனித்தாள். இன்றைக்குச் சிரிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு சிரித்துக்கொண்டே வெண்ணெயை வெட்டினாள்.

கிரேன் டிரெய்லரிலேயே இருந்தது. எஞ்சினை எடுக்காமல் முடிந்தவரை பார்ப்போம் என்று செல்வினும் கோட்டைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்தார். எஞ்சினைத் தாங்கும் கட்டைகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்து வலது பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்தினார்கள். ஸ்டீயரிங் தண்டை மூட்டோடு கழற்றி ஓரம் தள்ளினார்கள். ஹோனே குழாய்க் கொத்தைப் பிறந்த கன்றை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்தி அடியிலிருந்து ஏற்றினான்.

“இடது பக்கம் திருப்பு” என்றார் செல்வின்.

“யாரோட இடது?”

“வண்டியோட இடது.”

“வண்டிக்கு நான் முன்னாடியா, பின்னாடியா?”

“அடியில இருக்கே. ஏத்து!”

ஏறியது. ஏறி, வழக்கமான இடத்தில் நின்றது. டங் என்று அதே சத்தம். போன வருஷம் முழுக்க நைரி கேட்ட சத்தம். இறக்கினார்கள். வேறு விதமாகத் திருப்பி ஏற்றினார்கள். டங். சேசிஸ்தான் இடிக்கிறது என்றார் செல்வின். இல்லை, கால் பெட்டியின் சுவர் என்றான் ஹோனே. தன் பட்டறைக்கு எடுத்துப்போய் ஒரு குழாயைச் சுத்தியலால் கொஞ்சம் அமுக்கிவிட்டு வரட்டுமா என்று கேட்டான். “அமுக்கின குழாயோட ஓடுற வண்டியை என் கண்ணால பாக்க மாட்டேன்” என்றார் லாய்ட். வண்டி அவருடையது.

மதியமாகிவிட்டது. நைரி பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்துச் சுட்ட மாவு அப்பத்தை வெட்டி வந்து நீட்டினாள். ஹோனே கை கழுவாமலே வாங்கித் தின்றான். லாய்டின் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. கண் மூடிக்கொள்ளும், திறந்துகொள்ளும். மூச்சு ஒரு தடவை நின்று, நினைவு வந்தது போலத் திரும்பப் புறப்படும். லூர்டெஸ் மருந்து ஏறும் சிறிய பம்பைப் பார்த்தாள். பிறகு நைரியைப் பார்த்தாள். நைரி பஞ்சை நீரில் நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாள். செல்வின் குரலைத் தாழ்த்தி ஹோனேயிடம், “போதும். எஞ்சினைத் தூக்கிடலாம். அவன் தூங்கட்டும்” என்றார்.

“தூங்கல” என்றார் லாய்ட், கண்ணைத் திறக்காமல்.

“தூங்கு.”

“நைரி. அந்த விளக்கைக் கொஞ்சம் கீழ இறக்கு. சக்கரம் இருந்த இடத்துக்குள்ள காட்டு.”

அவள் வயரோடு தொங்கிய கைவிளக்கை எடுத்து, கழற்றிய சக்கரத்தின் ஓட்டைக்குள் பிடித்தாள். கட்டில் தாழ்வானது. அவர் தலை தலையணையில் சாய்ந்திருந்த உயரத்துக்கு நேராக அந்த ஓட்டை. அதன் வழியே எஞ்சினின் வலது விலா முழுக்கத் தெரிந்தது. மேலிருந்து குனிந்து பார்த்தால் இந்தப் பக்கம் தெரியாது. அடியில் புகுந்து பார்த்தாலும் தெரியாது. இத்தனை நாளில் யாரும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இந்த உயரத்தில் தலையைச் சாய்த்துப் படுத்ததில்லை.

“ஹோனே, ஏத்து. மெதுவா. இன்னும்... நிறுத்து. அப்படியே பிடிச்சுக்க.”

“கை நடுங்குது பெருசு.”

“எனக்கு உடம்பே நடுங்குது. பிடிச்சுக்க.” அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு களை ஏறுவதை நைரி பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நடன மண்டபத்தின் கடைசி வரிசையில் அவளைக் கண்டுபிடித்தபோதும் இதே மாதிரிதான் பார்த்தார். “சேசிஸும் இல்ல, சுவரும் இல்ல. ஸ்டட்டுடா. ஸ்டட்டுல இடிக்குது.”

ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். எஞ்சினில் முறுக்கி வைத்துவிட்டால் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். குழாயின் தட்டை அந்த முட்களின் மேல் செருகி, நட்டுப் போட வேண்டும். செருகுவதற்குப் பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். அந்த ஒரு விரல்தான் இங்கே இல்லை. முட்களைக் கழற்றிவிட்டால் குழாய் நேராக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சாதாரண போல்ட்டைப் பக்கத்திலிருந்து திருகிக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம்.

ஹோனே குழாயை நெஞ்சின்மேல் இறக்கி வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தான். “எஞ்சினோட வந்தது ஸ்டட்டு இல்லியே. போல்ட்டுத்தானே?”

“போல்ட்டுத்தான்” என்றார் லாய்ட்.

“அப்ப ஸ்டட்டு எங்கேருந்து வந்துச்சு?”

“நீயே சொல்லு.”

“எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். பக்கத்துல ஆள் நிக்குது.”

செல்வின் காதுமடல் சிவந்துவிட்டது. லாய்டின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, பளபளவென்ற ஸ்டட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கி, நாடா கட்டிக் கொண்டுவந்தவர் அவர்தான். போல்ட் போடுகிறவன் சோம்பேறி, முறையாகச் செய்கிறவன் ஸ்டட் போடுவான் என்று கேக் வெட்டும்போது பிரசங்கம் செய்தார். அன்று சாயங்காலமே லாய்ட் எல்லாவற்றையும் முறுக்கி ஏற்றிவிட்டார். எஞ்சின் அப்போது வெளியில்தான் இருந்தது.

“ஒரு வருஷம்” என்றார் செல்வின். “ஒரு வருஷமா மண்டையை உடைச்சிருக்கே. இதைக் கழட்டிப் பாக்கணும்னு தோணவே இல்லியா உனக்கு?”

“இல்ல.”

“ஏன்டா?”

“நீ குடுத்ததாச்சே.”

லாய்ட் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கண் இன்னும் ஓட்டைக்குள்ளேயே இருந்தது. செல்வின் திரும்பிக்கொண்டு ஸ்பேனர் அலமாரியை இழுத்துத் துழாவ ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டாக இழுத்தார், மூடினார். தேடின ஸ்பேனர் அவருடைய இடது கையிலேயே இருந்ததை நைரி பார்த்தாள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரே ஸ்டட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கித் திருகினால் ஸ்டட் வெளியே வந்துவிடும். செல்வின் ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டில் போடப் போட, லாய்ட் “சோம்பேறி வேலை, சோம்பேறி வேலை” என்று முனகினார். பழைய போல்ட்டுகள் வேண்டும். லாய்ட் எதையும் எறிகிறவர் இல்லை, ஆனால் எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. நைரி போய் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“என் பிஸ்கட் டப்பாவாச்சே. எங்க போச்சுன்னு அப்பவே தேடிப் பாத்துட்டேன். நீயா திருப்பித் தருவேன்னு விட்டு வச்சேன்.”

“பாத்தியா” என்றார் லாய்ட் செல்வினிடம். “இந்த வீட்டுல எனக்கு ஒரு ரகசியம்கூட விட்டு வைக்கல.”

குழாய் ஏறியது. டங் என்ற சத்தம் வரவில்லை. ஹோனே அடியிலிருந்து நம்ப முடியாத குரலில், “உக்காந்துடுச்சு” என்றான். “உக்காந்தே உக்காந்துடுச்சு.” போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கடைசியில், ஆகப் பின்னால், சுவரை ஒட்டி இருக்கும் ஒன்று மிஞ்சியது. ஹோனேயின் கை நுழையவில்லை. செல்வினின் கை நுழைந்தது, விரல் மடங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லூர்டெஸைப் பார்த்தார்கள்.

“என்ன என்னைப் பாக்குறீங்க?”

“சின்னக் கை” என்றான் ஹோனே.

“நான் நர்ஸ்!”

“பாக்காமலே நரம்பைக் கண்டுபிடிக்கிற விரல்” என்றார் லாய்ட். “ஓட்டையைக் கண்டுபிடிக்காதா?”

லூர்டெஸ் கையுறை மாட்டிக்கொண்டாள். வண்டியின்மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து, கன்னம் எஞ்சினில் ஒட்ட, கையைத் தோள்வரை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தன் மொழியில் எதையோ முணுமுணுத்தது ஜெபம் போலவும் இருந்தது, திட்டு போலவும் இருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது. “கிடைச்சுடுச்சு! சுத்துது!” கட்டிலிலிருந்து லாய்ட் கைதட்டப் பார்த்தார். கை சேரவில்லை. நைரி ஒரு கையைப் பிடித்து இன்னொரு கையோடு சேர்த்துத் தட்டிவிட்டாள்.

சைலன்சர் எதுவும் இன்னும் மாட்டவில்லை. வெறும் குழாயோடு ஓட்டினால் புகை கராஜுக்குள்ளேயே நிறையும். அதனால் லூர்டெஸ் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள், கட்டில் வெளியே வந்தால்தான் சாவியைத் தொடலாம் என்று. வேனை ஓரம் தள்ளிவிட்டு, கட்டிலைக் கார் நிற்கும் பாதையில், பிளம் மரத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்கள். காற்று போர்வையைத் தூக்கியது. மரத்திலிருந்து வெள்ளையாக எதெதோ உதிர்ந்து குல்லாயின் மேல் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தார் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி கையில் தோட்டத்துக் குழாயோடு, தண்ணீரை நிறுத்தாமலே நின்றாள்.

“நைரி உக்காரட்டும்” என்றார் லாய்ட்.

“எனக்கு ஓட்டத் தெரியாதே இதை.”

“ஓட்ட வேண்டாம். அமுக்கு. போதும்.”

இத்தனை பேர் பார்க்க அவள் அந்தத் தாழ்ந்த இருக்கைக்குள் காலை நீட்டி இறங்கினாள். முகம் கொதித்தது. ஸ்டீயரிங் சக்கரம் எதோடும் சேராமல் காற்றில் சுற்றியது. செல்வின் பெட்ரோலையும் பேட்டரியையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவள் பொத்தானை அமுக்கினாள்.

இருமியது. நின்றது. இன்னொரு தடவை அமுக்கினாள். வலது குழாயிலிருந்து துப்பாக்கி போல ஒரு வெடி, ஒரு நாக்கு நெருப்பு. வேலிப்பக்கம் ஒரு அலறல். அதற்கு மறுகணம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அது சத்தமாகக் காதில் விழவில்லை, தரையிலிருந்து இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறியது. அலமாரியில் ஸ்பேனர்கள் எல்லாம் நடனமாடின. ஜன்னல் கண்ணாடி பாடியது. ஹோனே கராஜ் நடுவில் முஷ்டியை உயர்த்திக்கொண்டு, வாய் திறந்து, கேட்காத ஒரு கூச்சலைப் போட்டுக்கொண்டிருந்தான். நைரி தன்னையறியாமல் தானும் கத்திக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. யாருக்கும் கேட்டிருக்காது. வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை.

வெளியே லாய்ட் விரலை உயர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். செல்வின் ஓடிப்போய் காதைக் கொடுத்தார். திரும்பி வந்து நைரியிடம் கத்தினார்.

“ஏழு சிலிண்டர்தான் ஓடுதாம்! எட்டும் ஓடுது! அவன் காதுதான் போச்சு!”

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆகப் பின்னால், லூர்டெஸ் கை விட்ட இடத்தில், ஒரு ப்ளக்கின் வயர் கழன்று தொங்கியது. செல்வின் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். துணியைச் சுற்றிக்கொண்டு கையை விட்டு மாட்டினார். முழங்கை குழாயில் பட்டுச் சுட்டது. சத்தம் சட்டென்று நிமிர்ந்தது. தடுமாற்றம் போய், ஒரே சீராக, வயிற்றுக்குள் உருளுகிற மாதிரி. ஹோனே வந்து ஆக்சிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டதும் நைரி இறங்கி கட்டிலுக்கு ஓடினாள்.

லாய்ட் அவளைப் பார்த்து என்னவோ சொன்னார். உதடு அசைந்தது. கேட்கவில்லை. அவள் குனிந்து காதை வைத்தாள். எஞ்சின்தான் கேட்டது. அவள் சும்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று. அது போதும் போலிருந்தது அவருக்கு. அவர் விரல் ஒன்று கட்டிலின் கம்பியில் எஞ்சினோடு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு, கராஜுக்குள் பார்த்தாள். புதுக் குழாய்களில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து நீலப் புகை எழும்பியது. அதற்கு நடுவில் செல்வினும் ஹோனேயும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்று எதற்கோ சண்டை போட்டார்கள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. கை மட்டும் பறந்தது.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். விரல் நின்றிருந்தது.

கட்டிலின் அந்தப் பக்கம் லூர்டெஸ் நின்றாள். அவளும் பார்த்திருந்தாள். நைரி அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பது போல. லூர்டெஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கராஜ் பக்கம் திரும்பி நின்றாள். ஹோனே எஞ்சினை இன்னும் கொஞ்சம் முறுக்கினான். சத்தம் தெரு முழுக்கப் போய், தூரத்து வயலில் ஆடுகளைக் கிளப்பி ஓட விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். நைரி அது எல்லாவற்றையும் நடக்க விட்டாள். குல்லாயின் மேல் விழுந்திருந்த பூவிதழ்களைப் பொறுக்கவில்லை.

எஞ்சினை அணைத்தபோது உலகத்தில் சத்தமே இல்லாதது போல இருந்தது. சூடான குழாய்கள் மட்டும் குளிர்ந்து சுருங்கி, டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

“எப்படி பெருசு!” என்று கத்திக்கொண்டே வெளியே வந்த ஹோனே, பாதி வழியில் நின்றான். தொப்பியை எடுத்தான். மெதுவாக நடந்து வந்து லாய்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, தன் முன்னோர்களின் மொழியில் நீளமாக ஒன்றைச் சொன்னான். வேலியில் நின்ற பெண் அப்போதுதான் தண்ணீரை நிறுத்தினாள். லூர்டெஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

செல்வின் கராஜ் வாசலில் நின்றார். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். விரல் விரலாக, நகம் நகமாக. பிறகு வந்து, காற்றில் விலகியிருந்த போர்வையை இழுத்து லாய்டின் பாதத்தை மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். சரியாக இல்லை போல. எடுத்து மறுபடி செருகினார். நிமிர்ந்து நைரியைப் பார்த்தார். வாய் திறந்தது. எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காத மனிதர். நைரி காத்திருந்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேனுக்குப் போனார். டிரெய்லர் குலுங்காதபடி, குழந்தை தூங்குகிற வீட்டிலிருந்து புறப்படுகிறவர் மாதிரி, மெல்ல நகர்த்தித் தெருவில் இறக்கினார். தெருமுனையில் வேன் நின்றது. வலது பக்கம் திரும்பப் போவதாக இண்டிகேட்டர் விளக்கு மின்னியது. இரண்டு பக்கமும் வண்டி ஒன்றும் வரவில்லை. அது மின்னிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் வேன் திரும்பியது.